தலைவிதியா, தண்ணீர்க் குழாயா?

நோயையும் சாவையும் பற்றி நம்மவரிடையே இரண்டு அபிப்பிராயங்கள் நெடுங்காலமாக வழங்கி வருகின்றன. ஒன்று பூசாரியின் அபிப்பிராயம். கொள்ளைநோய் தெய்வத்தின் கோபம். விதி முடிந்தவன் போகிறான். ஆகவே கூழ் ஊற்று, கிடா வெட்டு, கும்பிட்டுக் கிட என்பது அது. மற்றொன்று படித்த கனவானின் அபிப்பிராயம். வெள்ளைக்காரன் பிறவியிலேயே சுத்தக்காரன்; நம் கூலிக்காரன் பிறவியிலேயே அழுக்கன்; அவனவன் குளித்து முழுகி ஒழுங்காயிருந்தால் நோய் ஏன் வருகிறது என்பது அது. முன்னதைக் கேட்டு நகைக்கும் கனவான்கள், பின்னதைத் தாமே மேடையேறிச் சொல்லக் கூசுவதில்லை. நாம் கேட்கிறோம்: இவ்விரண்டிற்கும் வேற்றுமைதான் யாது? பூசாரி பழியைத் தெய்வத்தின் மேல் போடுகிறான். கனவான் செத்தவன் மேலேயே போடுகிறார். இருவருமாகச் சேர்ந்து, பழிக்கு உரியவர்களைப் பத்திரமாகத் தப்ப விடுகின்றனர்.

எந்தத் தேசத்தை நமக்கு உதாரணமாகக் காட்டுகிறார்களோ, அந்த இங்கிலாந்தின் சரித்திரமே இவ்விரு அபிப்பிராயங்களையும் பொய்யாக்குகிறது. அச்சரித்திரத்தை வாசகர்கள் முன் வைக்கவே இக்கட்டுரை எழுதலானோம்.

நீராவி யந்திரம் வந்தது, ஆலைகள் எழுந்தன, நாட்டுப்புறத்து ஏழைகள் கூட்டங் கூட்டமாக நகரங்களுக்கு வந்து சேர்ந்தனர். மான்செஸ்டர், லிவர்பூல், லீட்ஸ் முதலிய நகரங்களில் அவர்களுக்குக் கிடைத்த வீடுகள் எத்தகையவை? முதுகோடு முதுகு ஒட்டிக் கட்டிய, பின்புறத்தில் சன்னலே இல்லாத அறைகள். லிவர்பூலில் பல்லாயிரம் ஜனங்கள் தரைக்குக் கீழே தோண்டிய நிலவறைகளில் குடியிருந்தனர். பல வீடுகளுக்கு ஒரே கக்கூசு. தெருவுக்குச் சாக்கடை இல்லை. குடிக்கும் தண்ணீர், வாரத்தில் சில நாள், சில மணி நேரம் மாத்திரம் ஒரு பொதுக் குழாயில் வரும். இப்படி வாழ்ந்தவர்கள் கறுப்பரும் அல்லர், கீழ்நாட்டாரும் அல்லர். பிறவியிலேயே சுத்தக்காரர் என்று நம் கனவான்கள் புகழும் அதே வெள்ளைக்காரரே ஆவர்.

1842-இல் எட்வின் சாட்விக் என்பார் தொழிலாளர்களின் சுகாதார நிலையைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டார். அதிலுள்ள கணக்கைப் பாருங்கள். லிவர்பூலில் இறந்தவர்களின் சராசரி வயது கனவான்களுக்கு 35, வியாபாரிகளுக்கு 22, தொழிலாளிகளுக்கு 15. பதினைந்து வயதில் எல்லோரும் மாண்டனர் என்பது இதன் பொருளன்று. பச்சைக் குழந்தைகள் கொத்துக் கொத்தாக மடிந்ததால் சராசரி அவ்வளவு கீழே இறங்கிற்று. மான்செஸ்டரில் தொழிலாளிகளின் குழந்தைகளில் பாதிக்குமேல் ஐந்து வயது நிரம்புமுன் இறந்தன. இனி அதே அறிக்கையில் ரட்லண்டு என்னும் நாட்டுப்புற ஜில்லாவின் கணக்கையும் பாருங்கள். அங்கே தொழிலாளியின் சராசரி 38. அதாவது, லிவர்பூலின் மாளிகைவாசியைக் காட்டிலும் ரட்லண்டின் ஏழைக் குடியானவன் அதிக வயது வாழ்ந்து இறந்தான்! ஒழுக்கமும் பிறவிக் குணமுந்தான் ஆயுளைத் தருமென்றால், லிவர்பூல் கனவானுக்கு ஒழுக்கம் இல்லை என்று நம் கனவான்கள் ஒப்புக்கொள்வார்களா?

பூசாரியின் வாதத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். 1831-இல் காலரா என்னும் வாந்திபேதி சண்டர்லண்டுத் துறைமுகத்தில் இறங்கிற்று. மறு ஆண்டு முடிவதற்குள் பிரிட்டனில் சுமார் 32,000 பேரை வாரிக்கொண்டு போயிற்று. அரசாங்கம் செய்தது என்ன? 1832 மார்ச்சு 21-ஆம் நாளைத் தேசிய உபவாச தினமாக விதித்தது. பாவத்திற்கு இரங்கி, பட்டினி கிடந்து, தேவாலயத்தில் மண்டியிடும்படி ஜனங்களுக்குக் கட்டளை பிறந்தது. நம் நாட்டுப் பொங்கல் படையலுக்கும் இதற்கும் பேதம் என்ன? படையலிலாவது பசித்தவனுக்குக் கொஞ்சம் சோறு கிடைக்கிறது.

ஆனால் இலண்டன் தொழிலாளர் இதற்குத் தக்க விடையளித்தனர். ஆண்டு முழுதும் பட்டினி கிடப்பவனுக்கு உபவாசம் ஒரு கேடா என்று சொல்லி, அன்றைய தினம் பெருங்கூட்டமாக ஊர்வலம் போயினர். வில்லியம் லவெட், ஜேம்ஸ் வாட்சன், வில்லியம் பென்போ என்னும் மூவரைப் போலீசார் பிடித்து வழக்கு நடத்தினர். நீதிமன்றம் அவர்களைக் குற்றமற்றவர் என்று விட்டது. வாந்திபேதி மீண்டும் வந்த 1853-இல் எடின்பரோப் பாதிரிமார் மற்றோர் உபவாச தினம் விதிக்கப்படுமா என்று அரசாங்கத்தைக் கேட்டனர். உள்நாட்டு மந்திரியாயிருந்த பாமர்ஸ்டன் பிரபு அதற்கு எழுதிய பதிலின் சாரம் இது: ஆண்டவன் இயற்கைக்குச் சில விதிகளை வகுத்திருக்கிறான், அழுக்கில் நோய் பிறக்கும் என்பது அவற்றுள் ஒன்று, ஏழைகள் வாழும் இடங்களை முதலில் சுத்தம் செய்யுங்கள், அதைச் செய்யாமல் உபவாசமும் பிரார்த்தனையும் பயன்படா. பாமர்ஸ்டன் நாஸ்திகரல்லர், சுயமரியாதைக்காரரும் அல்லர், பிரபுக் குலத்தவர். இருபது ஆண்டுகளில் இங்கிலாந்தின் ராஜாங்கமே பாதிரியைப் பார்த்து, விளக்குமாற்றை எடு என்று சொல்லும் நிலை வந்துவிட்டது. நம்மவரில் எத்தனை பேர் பூசாரியைப் பார்த்து அப்படிச் சொல்லத் துணிவர்?

இனிக் கனவானின் வாதத்திற்கு வருவோம். அதனை அடியோடு வீழ்த்தும் சாட்சி இலண்டனின் தண்ணீர்க் கம்பெனிகளின் கதையிலே உள்ளது. அக்காலத்தில் இலண்டனுக்குத் தண்ணீர் விற்றவை இலாபத்திற்காக நடந்த தனியார் கம்பெனிகள். நகரத்தின் மலஜலமெல்லாம் தேம்ஸ் நதியில் விழும். அதே நதியிலிருந்து கம்பெனிகள் தண்ணீர் எடுத்து அதே ஜனங்களுக்கு விற்கும். தென் இலண்டனில் இரண்டு கம்பெனிகள் ஒரே தெருக்களில் போட்டி போட்டுக் குழாய் புதைத்திருந்தன. அவற்றுள் லாம்பெத் கம்பெனி 1852-இல் தன் நீரெடுக்கும் இடத்தை நகரத்து அசுத்தம் எட்டாத மேல்நதிக்கு மாற்றிக்கொண்டது. சவுத்வர்க்கு-வாக்ஸால் கம்பெனியோ பழைய இடத்திலேயே எடுத்தது. 1854-இல் வாந்திபேதி வந்தது. டாக்டர் ஜான் ஸ்நோ வீடு வீடாகச் சென்று, செத்தவன் வீட்டிற்கு எந்தக் கம்பெனியின் தண்ணீர் என்று விசாரித்தார். நோய் பரவிய முதல் ஏழு வாரங்களில், 10,000 வீடுகளுக்கு லாம்பெத் தண்ணீர் குடித்த வீடுகளில் மரணம் 37. சவுத்வர்க்கு-வாக்ஸால் தண்ணீர் குடித்த வீடுகளில் 315!

வாசகர்களே, இதைச் சற்று நின்று சிந்தியுங்கள். ஒரே தெரு, அடுத்தடுத்த வீடு, ஒரே ஜாதி, ஒரே மதம், ஒரே கூலி, குளிக்கும் பழக்கமும் ஒன்றே, ஞாயிற்றுக்கிழமைப் பிரார்த்தனையும் ஒன்றே. வேற்றுமை தரைக்குக் கீழே புதைந்த குழாய் ஒன்றில் மாத்திரம். எந்தக் கம்பெனியின் தண்ணீர் என்று பலருக்குத் தெரியவே தெரியாது. வாடகை வீட்டில் வந்ததைக் குடித்தார்கள். இவர்களைக் கொன்றது தலைவிதியா? பிறவி அழுக்கா? கம்பெனியின் இலாபம் அன்றோ கொன்றது?

அதே ஆண்டு, அதே டாக்டர், சோஹோவில் பிராட் தெருவின் தண்ணீர்ப் பம்பைச் சுற்றி 600-க்கு மேற்பட்டோர் மாண்டதை ஆராய்ந்தார். பக்கத்திலேயே, திக்கற்ற ஏழைகள் 535 பேரை அடைத்து வைத்திருந்த விடுதியில் 5 பேர் மாத்திரமே இறந்தனர்; அங்கே தனிக் கிணறு இருந்தது. அத்தெருவின் பீர் காய்ச்சும் சாலையில் வேலை செய்த எழுபது பேரில் ஒருவர்கூட இந்நோயால் சாகவில்லை. அவர்கள் பம்புத் தண்ணீரைத் தொடவேயில்லை. சமூகத்தில் யாரை எல்லோரும் அழுக்கர் என்று தள்ளி வைத்தனரோ அவர்கள் பிழைத்தனர். நல்ல தண்ணீர் என்று நம்பிப் பம்பிற்கு ஆளனுப்பிய கௌரவமான குடும்பங்கள் அழிந்தன. செப்டம்பர் 8-ஆம் நாள் பம்பின் கைப்பிடி கழற்றப்பட்டது. ஆயினும் பெரிய வைத்தியர்கள் ஸ்நோவின் கொள்கையை ஏற்கவில்லை. துர்நாற்றக் காற்றே காரணம் என்று சாதித்தனர். 1858-இல் அவர் இறந்தபோதும் அவருடைய கொள்கைக்கு வெற்றி கிட்டவில்லை.

பிரிட்டிஷ் ஆட்சியாளர் தயாள குணத்தால் இவற்றையெல்லாம் சீர்செய்தனர் என்று சொல்வாரும் உளர். அவர்களுக்கும் விடை கூறுவோம். 1848-இல் முதலாவது பொதுச் சுகாதாரச் சட்டம் நிறைவேறிற்று. அது எவரையும் எளிதில் கட்டாயப்படுத்தவில்லை. வரி கட்டுவோரில் பத்தில் ஒருவர் விண்ணப்பித்தால் ஓர் ஊரில் சுகாதார சபை அமைக்கலாம். 1,000 பேருக்கு 23-க்கு மேல் சாவு இருந்தால் மாத்திரம் மத்திய சபை தலையிடலாம். இவ்வளவு மெல்லிய சட்டத்தைக்கூட வீட்டுச் சொந்தக்காரரும், தண்ணீர்க் கம்பெனிகளும், ஊர்ப் பாரிஷ் சபைகளும் சுதந்தரத்திற்கு வந்த ஆபத்து என்று கூக்குரலிட்டு எதிர்த்தன. யாருடைய சுதந்தரம்? சாக்கடை இல்லாத வீட்டை வாடகைக்கு விடும் சுதந்தரம். மலம் கலந்த தண்ணீரை விலைக்கு விற்கும் சுதந்தரம்! 1854-இல் சாட்விக் பதவியிலிருந்து தள்ளப்பட்டார். பலவந்தமாக ஆரோக்கியம் புகட்டப்படுவதைவிட வாந்திபேதியோடு வாழ்ந்து பார்ப்பதே மேல் என்ற கருத்துப்பட இலண்டன் டைம்ஸ் பத்திரிகை எழுதிற்று. 1858-இல் மத்திய சுகாதார சபையும் ஒழிக்கப்பட்டது.

சாட்விக்கையும் நாம் தெய்வமாக்க வேண்டுவதில்லை. குடும்பத் தலைவன் நோயால் செத்தால் விதவையும் பிள்ளைகளும் தரும வரிக்குச் சுமையாவர் என்ற கணக்கே அவரைச் சாக்கடைக்குள் இறக்கிற்று. பசியும் நோய்க்குக் காரணம் என்பதை அவர் ஒப்பவில்லை. 1837 முதல் இங்கிலாந்தில் ஒவ்வொரு சாவும் பதிவாகத் தொடங்கிற்று. அக்கணக்கை ஆராய்ந்த வில்லியம் ஃபார், முதல் அறிக்கையிலேயே பட்டினியால் இறந்தவர் 63 பேர் என்று எழுதினார். ஏழைகள் சட்டத்தை நடத்திய சாட்விக்கு இதைக் கண்டு சீறி, மறுப்பெழுதினார். எடின்பரோ வைத்தியர் அலிசன் என்பாரோ, வறுமையும் பட்டினியுமே காய்ச்சலுக்கு நிலம் உழுது வைக்கின்றன என்று 1840-இலேயே வாதாடினார். சாக்கடை கட்டலாம், கூலியை உயர்த்தலாகாது என்ற கட்சி அன்று வென்றது. அலிசன் சொன்னது மறக்கப்பட்டது. மறந்ததன் பயனைப் பின்னர்க் காண்போம்.

பின் எப்போதுதான் ஆட்சியாளர் மனம் இளகிற்று? 1858-ஆம் ஆண்டுக் கோடையில் தேம்ஸ் நதியின் நாற்றம் பார்லிமெண்டின் சன்னல் வழியே உள்ளே புகுந்தது. திரைச்சீலைகளைச் சுண்ணாம்பு மருந்தில் நனைத்துக் கட்டியும் அங்கத்தினர்களால் உட்கார முடியவில்லை. அவ்வளவுதான்! ஏழைகள் பல்லாயிரவர் செத்தபோது பல ஆண்டுகளாக நகராத காரியம், பிரபுக்களின் மூக்கைத் தொட்டவுடன் பதினெட்டே நாளில் சட்டமாயிற்று. பஸல்ஜட் என்னும் எஞ்சினியர் 82 மைல் நீளத்திற்குப் பெருஞ்சாக்கடைகள் கட்டினார். அவ்வேலை கிழக்கு இலண்டனில் முடியுமுன் 1866-இல் வாந்திபேதி மறுபடி வந்தது. எங்கே வந்தது? சாக்கடை முடியாத, ஏழைகள் நிறைந்த அந்தக் கிழக்குப் பகுதியிலேதான். அங்கே தண்ணீர் விற்ற கம்பெனி, வடிகட்டாத நீர் ஒரு சொட்டும் விடவில்லை என்று பத்திரிகையில் சாதித்தது. குழாயில் விலாங்கு மீன் வந்ததாக வீட்டார் எடுத்துக் காட்டினர். வடிகட்டிய தண்ணீரில் விலாங்கு எப்படி நீந்தி வரும்? அதற்குள் அப்பகுதியில் 5,000-க்கு மேற்பட்டோர் மாண்டு போயினர்.

மறு ஆண்டு, 1867-இல், நகரத் தொழிலாளரில் வீட்டுக் குடித்தனக்காரருக்கு வாக்குரிமை கிடைத்தது. அதன் பின் நடந்ததைக் கவனியுங்கள். 1872-இல் ஒவ்வொரு வட்டாரமும் சுகாதார வைத்திய அதிகாரியை நியமிக்க வேண்டும் என்று சட்டம் வந்தது. 1875-இல் சாக்கடை, குடிதண்ணீர், குப்பை, வீடு எல்லாவற்றிற்கும் ஊராட்சிகளைப் பொறுப்பாக்கும் பெருஞ்சட்டம் நிறைவேறிற்று. கெஞ்சிக் கேட்டுக் கொண்டிருந்த இடத்தில் கட்டளை பிறந்தது. பர்மிங்காம் நகரத்தின் மேயராயிருந்த ஜோசப் சேம்பர்லேன், தண்ணீரில் இலாபம் பார்த்தல் தகாது என்று சொல்லித் தண்ணீர்க் கம்பெனியை 1876-இல் நகரத்தின் உடைமையாக்கினார். கிளாஸ்கோ நகரசபை 1859-இலேயே கட்ரின் ஏரியின் தூய நீரைக் கொண்டு வந்திருந்தது. முன்னர் ஆயிரக்கணக்கில் வாந்திபேதிக்குப் பலி கொடுத்த அந்நகரம் 1866-இல் நூறு பேரைக்கூட இழக்கவில்லை. இலண்டன் மாத்திரம், எட்டுக் கம்பெனிகளின் பிடியிலிருந்து விடுபட 1902-ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருந்தது. அந்த வாக்குரிமைச் சீட்டு நேரே சாக்கடை தோண்டிற்று என்று நாம் சொல்லவில்லை. ஆனால் வாக்கில்லாதவனின் சாவு வெறும் புள்ளிவிவரம். வாக்குள்ளவனின் சாவு மந்திரிக்குத் தலைவலி.

ஆயினும் அலிசன் சொன்னது நின்று பழிவாங்கிற்று. குழாயும் சாக்கடையும் வந்த பின்னரும், 1899-இல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பிறந்த 1,000 குழந்தைகளில் 163 ஓராண்டு நிரம்புமுன் இறந்தன. அதைக் கண்டு அரசாங்கம் பதறவில்லை. தென்னாப்பிரிக்க யுத்தத்திற்குப் பட்டாளத்தில் சேர வந்த வாலிபரில் பலர் நோஞ்சான்களாய்த் தள்ளப்பட்டபோதே பதறிற்று. சாகக் கொடுக்க ஆள் இல்லையே என்ற கவலை பிறந்த பின்னர்த்தான் 1904-இல் விசாரணைக் குழுவின் அறிக்கையும், 1906-இல் பள்ளிப் பிள்ளைகளுக்கு உணவளிக்கும் சட்டமும், 1907-இல் பள்ளி வைத்தியச் சோதனையும் வந்தன. சோறும், பாலும், மருத்துவச்சியும், நல்ல வீடும் சேர்ந்த பிறகு, 1950 வாக்கில் அந்த 163 சுமார் 30-ஆகக் குறைந்தது. 1948 ஜூலை 5-இல் எல்லோருக்கும் இலவச வைத்தியம் தொடங்கிற்று. அதைக் கொண்டுவந்த அனூரின் பெவன், பதின்மூன்றாம் வயதில் நிலக்கரிச் சுரங்கத்தில் இறங்கியவர். அவருடைய டிரெடேகர் ஊரில் தொழிலாளர் தம் கூலியில் பிடித்தம் செய்து தாமே ஒரு வைத்திய சங்கம் நடத்தி வந்தனர். தேசத்திற்கு வழி காட்டியது அந்தக் கூலிப் பிடித்தம். அதனையும் அவ்வாண்டு பிப்ரவரியில் டாக்டர்கள் சங்கம் எதிர்த்தே வாக்களித்தது. லிவர்பூலில் கிட்டி வில்கின்சன் என்னும் ஐரிஷ் ஏழைப் பெண், 1832-இல் தன் வீட்டுக் கொப்பரையை அண்டை வீட்டாருக்குத் திறந்து விட்டு, நோயாளிகளின் துணியைக் கொதிநீரில் துவைக்கச் செய்தாள். பொது வெளுப்பகங்களுக்கு அவளே முன்னோடி. ஏழைக்குச் சுத்தம் தெரியாது என்பாரும், சீர்திருத்தம் மேலிருந்து பொழிந்த மழை என்பாரும் இவ்விரண்டையும் எங்கே மறைப்பர்?

அதே பிரிட்டன் இம்மலாய் நாட்டை ஆண்டபோது எப்படி நடந்தது? 1901-இல் திறந்த சுவட்டன்ஹாம் துறைமுகத்தில், இன்றைய கிள்ளான் துறைமுகத்தில், மலேரியா காய்ச்சல் துறைமுகத்தையே மூடவைக்கும் அளவுக்குப் பெருகிற்று. டாக்டர் மால்கம் வாட்சனின் யோசனைப்படி சதுப்பு நிலம் வடிக்கப்பட்டது, காய்ச்சல் விழுந்தது. வாய்க்கால் வெட்டிச் சாவைக் குறைக்கலாம் என்பது அன்றே நிரூபணம். ஆயினும் காட்டை அழித்து ரப்பர் நட்ட நம் மூதாதையர் அதற்குப் பின்னும் லயங்களில் காய்ச்சலில் விழுந்தனர். கப்பல் நின்றால் உடனே தெரிகிற நஷ்டம், கூலி செத்தால் தெரிவதற்குக் காலம் பிடிக்கிறது. அவர்களையா பிறவி அழுக்கர் என்பது?

இதெல்லாம் பழங்கதை என்று எவரும் உறங்கிவிட வேண்டா. வென்றதைக் காவாவிட்டால் இழக்கலாம் என்பதற்கும் அதே இங்கிலாந்தே சாட்சி. 1980-இல் சர் டக்ளஸ் பிளாக்கின் குழு, இலவச வைத்தியம் வந்த பின்னும் தொழிலாளிக்கும் கனவானுக்கும் ஆயுள் வேற்றுமை நீங்கவில்லை என்று காட்டிற்று. அரசாங்கம் அவ்வறிக்கையை விடுமுறை நாள் சமயம் பார்த்து 260 பிரதிகள் மாத்திரம் வெளியிட்டது. 1989-இல் இங்கிலாந்தின் தண்ணீர் மறுபடியும் கம்பெனிகளுக்கு விற்கப்பட்டது. 2023-இல் அங்கே நதிகளிலும் கடலிலும் சுத்திகரிக்காத கழிவு திறந்துவிடப்பட்ட நேரம் 36 லட்சம் மணிக்கு மேல் என்று கணக்காயிற்று. பிறவிச் சுத்தம் எங்கே போயிற்று? வெள்ளைக்காரன் மாறிவிட்டானா? குழாயின் சொந்தக்காரன் மாறினான்.

ஆகவே நம்மவர்க்கு நாம் கூறுவது இதுவே. குளியுங்கள், கூட்டுங்கள், பெருக்குங்கள், வேண்டா என்பாரில்லை. ஆனால் உங்கள் குழந்தை நோயில் கிடக்கும்போது எவனாவது வந்து விதி என்றால், தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள். எவராவது வந்து உங்கள் பழக்கம் சரியில்லை என்றால், சாக்கடைக்கு ஒதுக்கிய பணம் எங்கே என்று கேளுங்கள். ஊரில் எத்தனை பேர், எந்த வயதில், எந்த நோயில் இறந்தனர் என்ற கணக்கை அதிகாரியிடம் கேட்டு வாங்குங்கள். ஃபாரின் ஏட்டைக் கண்டு சாட்விக்கே நடுங்கியதை மறவாதீர்கள். உங்கள் சங்கத்தில் அதைப் படியுங்கள். வாக்குக் கேட்டு வருபவனிடம் அதைக் காட்டுங்கள். கோவில் திருவிழாவுக்கு வீடு வீடாகப் பணம் திரட்டத் தெரிந்த நமக்கு, ஒரு கணக்குக் கேட்கவா தெரியாது?